தண்டால் எடுத்தாரா நடுகல் வீரர்?

மக்களே, செங்கம் பக்கத்து நடுகல் படம் ஒண்ணைப் போட்டு, கீழே "அந்தக் காலத்துலயே நம்ம ஆளுங்க தினம் ஆயிரம் தண்டால் எடுத்தாங்க" என்கிற மாதிரி ஒரு வரி எழுதி அனுப்புறது இப்போ ரொம்ப சாதாரணமாயிடுச்சு. நீங்களும் பாத்திருப்பீங்க. இதுக்கு நேரெதிரா இன்னொரு கதையும் இணையத்துல சுத்துது. புஷ்-அப்பை 1905-ல ஒரு பிலிப்பைன்ஸ்காரர் "கண்டுபிடிச்சாராம்". தரையில கையை ஊன்றி எழுந்திரிக்கிறதுக்கு ஒரு கண்டுபிடிப்பாளர்! அப்போ கொட்டாவி விடுறதுக்குப் பேட்டன்ட் யார்கிட்ட இருக்கு? :-)

ரெண்டாவது கதையை ஒதுக்கிடலாம். 1905-க்கு முன்னாடியே வட இந்தியாவுல காமா மாதிரி குஸ்திக்காரங்க தண்டால் எடுத்து வளர்ந்துட்டாங்க. முதல் கதை அப்படி இல்லை. அதுல நம்ம ஊர்ப் பெருமை இருக்கு, கல்லு இருக்கு, கல்வெட்டும் இருக்கு. அதனால அதைக் கொஞ்சம் நிதானமாப் பாக்கணும்னு தோணிச்சு.

முதல்ல இடம். ஜவ்வாது மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையோட ஒரு துண்டு. இன்னைய கணக்குல திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மூணு மாவட்டத்துலயும் பரவிக் கிடக்கு. ஜமுனாமரத்தூர், காவலூர் வானாய்வு மையம், பீமன் அருவி இதெல்லாம் டூரிஸ்ட் பேரு. மலை மேல இருக்கிறவங்க பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளாவோட குழப்பிக்காதீங்க, மலையை ஆள்றவங்க). சாமை, புளி, தேன் இதெல்லாம் அவங்க விளைச்சல். செய்யாறு இங்கேதான் பிறக்குது. தெற்கே மலை இறங்கினா செங்கம். அங்கே இருந்து சுத்துவட்டாரம் முழுக்க நடுகற்கள்.

1972-ல தமிழ்நாடு தொல்லியல் துறை 'செங்கம் நடுகற்கள்'னு ஒரு நூல் வெளியிட்டது. பதிப்பாசிரியர் இரா. நாகசாமி. 6-ஆம் நூற்றாண்டுல இருந்து ஆரம்பிச்சு, பல்லவர் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டுகளோட கற்களை அதுல தொகுத்திருக்காங்க. பெரும்பாலும் கதை ஒண்ணுதான்: மாட்டு மந்தையைக் கவர வந்தாங்க, மீட்கப் போனவர் விழுந்தார், ஊர் கல் நட்டது. மந்தைக்குக் கல்வெட்டுல 'தொறு'ன்னு பேரு. செத்தார்ங்கிறதுக்குப் 'பட்டான்'. ரெண்டு மூணு வரிதான் இருக்கும். எந்த ராஜாவோட எத்தனையாவது வருஷம், எந்தத் தலைவனோட ஆளு, எந்த ஊரு, என்ன ஆச்சு. அவ்வளவே.

சிற்பம்தான் கூடுதலாப் பேசுது. பல கற்கள்ல வீரர் இடது கையில வில், வலது கையில வாளோ குத்துவாளோ வெச்சிருப்பார். முழங்கால் மடங்கி, ஒரு காலை முன்னே வெச்சு, பக்கவாட்டுல பாயற மாதிரி நிப்பார். தலைமுடியைக் கொண்டையாக் கட்டியிருப்பார். சில கல்லுல உடம்புல அம்பு தைச்சிருக்கும். காலடியில கெண்டி, சிமிழ் மாதிரி சின்னச் சாமான்கள்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது எடுத்தனூர் கல். முதலாம் மகேந்திரவர்மனோட 34-ஆம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கப் போய்ச் செத்த ஒருத்தருக்கு எடுத்தது. கூடவே அவரோட நாயும் செதுக்கப்பட்டிருக்கு. நாய் பேரு கோவிவன். திருடங்களைக் கடிச்சு நின்னு காத்ததுன்னு கல்வெட்டே சொல்லுது. 1400 வருஷம் கழிச்சு ஒரு நாயோட பேரு நமக்குத் தெரியுது. அதே காலத்துல சட்டம் போட்ட எத்தனை அதிகாரிங்க பேரு தெரியும்?

சரி, தண்டால் எங்கே? இந்தக் கற்கள் ஒருத்தர் எப்படிச் செத்தார்னு சொல்லுது. செத்தவர் காலையில எழுந்து என்ன பயிற்சி பண்ணினார்னு சொல்லவே இல்லை. அகன்ற மார்பைப் பாத்துட்டு "இது தண்டால் உடம்பு"ன்னு சொல்றவங்க, சிற்பியோட உளியையும் ஜிம் டிரெய்னரையும் ஒண்ணாக்கிடறாங்க.

ஆனா இந்த மலைக்கு என்ன மாதிரி உடம்பு தேவைப்பட்டதுன்னு தெரிஞ்சுக்க வேற ஒரு நல்ல சாட்சி இருக்கு: மலைபடுகடாம். பத்துப்பாட்டுல ஒண்ணு, 583 அடி. எழுதினவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் நன்னன், அவன் ஊரு செங்கண்மா. அதாவது நம்ம செங்கம். பரிசு வாங்கப் போற கூத்தர்களுக்கு வழி சொல்ற பாட்டு. சேயாறும் அதுல வருது.

வழி சொல்றதுன்னா "நேராப் போய் லெஃப்ட் எடுங்க" மாதிரி இல்லை. ராத்திரி நடக்காதீங்க, பன்றிக்கு வெச்ச பொறியில கால் மாட்டிக்கும். தினைப்புனம் காக்கிறவங்க யானையை விரட்டக் கவண் கல் எறிவாங்க, அது எங்கே வந்து விழும்னு தெரியாது, மரத்துக்குப் பின்னாடி மறைஞ்சு போங்க. வழுக்குற இடத்துல கொடியைப் பிடிச்சுக்கோங்க. பாம்பு இருக்கிற இடத்தைப் பாத்து நடங்க. வழியில நடுகல் வரும், அங்கே நின்னு யாழ் வாசிச்சுக் கும்பிட்டுட்டுப் போங்க. ஒரு வகையில இது அந்த வட்டாரத்தோட உடல்தகுதிப் பட்டியல்தான். போர்வீரனுக்கு இல்லை, வாத்தியம் சுமந்துக்கிட்டு, பெண்டு பிள்ளையோட மலையேறுற கலைஞனுக்கு! அவங்களுக்கே இவ்வளவுன்னா, மந்தையை ஓட்டிக்கிட்டு ஓடுறவனுக்கும் அவனைத் துரத்துறவனுக்கும் எவ்வளவு?

இப்போ கொஞ்சம் இன்ஜினியர் புத்தியோட யோசிப்போம். கல்லுல இருக்கிற வேலைகள் என்னென்ன? வில் இழுக்கணும். மேட்டுல ஓடணும். ஏறணும், இறங்கணும், தாழ நிக்கணும். கவண் சுழற்றணும். இதுல கையால் செய்யற முக்கியமான வேலை இழுப்பு. முதுகும் முன்னங்கையும் உழைக்கணும். தண்டாலோ தள்ளுற பயிற்சி. மார்பு, முன்தோள், மேல்கையோட பின்பக்கம். வில் பிடிக்கிற கைக்குத் தோள் உறுதி வேணும்தான், அந்த அளவுக்குத் தண்டால் உதவும். ஆனா நாணை இழுக்கிற கைக்கு ஆயிரம் தண்டால் எடுத்தாலும் பெருசா எதுவும் கிடைக்காது. வில்லாளியை வளர்க்கிறது வில்லுதான்.

இதுக்கு வெளியூர் சாட்சி ஒண்ணு. 1545-ல மூழ்கின இங்கிலாந்துப் போர்க்கப்பல் மேரி ரோஸ். 1982-ல கடலடியில இருந்து தூக்கினாங்க. அதுல கிடைச்ச எலும்புக்கூடுகள்ல, தோள்பட்டை நுனி எலும்பு ஒட்டாம தனித்தே நின்னுபோனது வழக்கத்தைவிட நிறையப் பேருக்கு இருந்தது. சின்ன வயசுல இருந்தே கனமான வில்லை இழுத்ததோட அடையாளம்னு ஆய்வாளர்கள் விளக்கினாங்க. கலை எதுவோ அதுக்கேத்த மாதிரி உடம்பு மாறுது. எலும்பு வரைக்கும்.

அப்போ தண்டால் யாரோட பயிற்சி? மல்லர்களோடது. எதிராளியைப் பிடிச்சு, தள்ளி, கவிழ்த்து, அவன் மேல ஏறி அமுக்கிற வேலை அவங்களுக்கு.

மற்போர் நமக்கு அந்நியம் இல்லை. புறநானூறு 80-ஐப் படிச்சுப் பாருங்க. சோழ இளவரசன் போர்வைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோட மோதுறான். சாத்தந்தையார் பாட்டு. ஒரு கால் எதிராளி மார்புல, இன்னொரு கால் அவன் தந்திரத்தைத் தடுத்துப் பின்னாடி. கிட்டத்தட்ட நேரடி வர்ணனை. அடுத்து வர்ற நக்கண்ணையார் பாட்டுகள் மூணும் அவனைப் பாத்து மயங்கின ஒரு பொண்ணோட குரல். (மல்லனைப் பாத்து மயங்குறது அன்னைக்கே இருந்திருக்கு, சிக்ஸ்-பேக் ஹீரோக்கள் ஒண்ணும் புதுசு இல்லை.) பல்லவன் நரசிம்மவர்மன் தன்னை மாமல்லன்னே சொல்லிக்கிட்டான், ஊருக்கே அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. ஆக மல்லன் உண்டு, மற்போர் உண்டு. ஆனா புறநானூற்றுப் பாட்டுகள் காட்டுறது சண்டையைத்தான், அதுக்கு முந்தின பயிற்சியை இல்லை.

பயிற்சியை எழுதி வெச்ச நூல்கள் கொஞ்சம் வடக்கே கிடைக்குது. மேலைச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் 12-ஆம் நூற்றாண்டுல எழுதின மானசோல்லாசத்துல மல்லர்களுக்குன்னே ஒரு பகுதி உண்டு. மல்லர்களைத் தரம் பிரிக்கிறான், சாப்பாடு சொல்றான், எடை தூக்குறது, நடக்கிறது, நீந்துறது, கம்பத்துல பழகுறதுன்னு பயிற்சி சொல்றான். குஜராத்துப் பக்கத்து மல்லபுராணம் இன்னும் விலாவாரியா வகை பிரிக்குது. கம்பப் பயிற்சி, கல் வளையம், கதை சுழற்றுறது, உடம்பையே கருவியா வெச்சுச் செய்யற அசைவுகள். கடைசியில 'ஊகாபோகம்'னு ஒண்ணு. அதாவது உக்காந்து சண்டை உத்திகளைப் பத்தி விவாதிக்கிறது. அதையும் பயிற்சிக் கணக்குல சேர்த்திருக்காங்க! அந்தக் கணக்குப்படி பதிவுலகத்துல பாதிப் பேர் பெரிய பயில்வான்கள் :-)

இந்த மல்லர் மரபு நம்ம மலையடிவாரத்துக்கு எப்படி வந்து சேருது? ஜவ்வாது மலையடிவாரத்துல இருக்கிற படவேடு சம்புவராயர்களோட தலைநகர். 14-ஆம் நூற்றாண்டுல விஜயநகர இளவரசர் குமார கம்பணர் வந்து சம்புவராயரை ஜெயிச்ச பிறகு இந்தப் பகுதி விஜயநகரத்துக்குக் கீழே போச்சு. அந்த அரசவையில மல்லர்களுக்கு இருந்த இடத்தைப் போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ் 1520 வாக்குல நேரில் பாத்து எழுதினார். கிருஷ்ணதேவராயர் விடியறதுக்கு முன்னாடி எழுந்து அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவா நல்லெண்ணெய் குடிப்பாராம். உடம்பெல்லாம் எண்ணெய் பூசிப்பாராம். மண்ணால செஞ்ச பெரிய எடைகளைக் கையில தூக்கி, அப்புறம் வாள் பயிற்சி, எண்ணெய் முழுக்க வேர்வையா வெளியேற வரைக்கும். அடுத்து ஒரு மல்லரோட மல்யுத்தம். அதுக்கப்புறம் குதிரை. பொழுது விடியும்போது குளியல். (நாம அந்த நேரத்துல அலாரத்தை மூணாவது தடவை அணைச்சிருப்போம்.)

கவனிச்சீங்களா, ராஜாவோட பட்டியல்லயும் தண்டால் வரலை. ஆனா இது ஒரு புது மாதிரி உடம்பு. வேலை செஞ்சு வளர்ந்த உடம்பு இல்லை, பயிற்சிக்காகவே பயிற்சி செஞ்சு வளர்த்த உடம்பு. தண்டால் இந்தக் குடும்பத்துப் பிள்ளை.

சொற்களும் அதையேதான் காட்டுது. குஸ்தி, பயில்வான் ரெண்டும் பாரசீகத்துல இருந்து வந்தது. வஸ்தாது, உஸ்தாத்தோட தமிழ் உருவம். பஸ்கி, உட்காருறதைக் குறிக்கிற மராட்டிச் சொல்லோட உறவு. தெலுங்குலயும் கன்னடத்துலயும் அதே பஸ்கிதான். தண்டால், வடக்கே 'தண்ட்'னு சொல்றது. 1670-கள்ல தஞ்சாவூர்லயும் செஞ்சியிலயும் மராட்டியர் ஆட்சி வந்தது. ஆற்காட்டுல நவாபு. குஸ்தி கோதாக்களுக்கு அவங்க காலம் நல்ல காலம். இன்னொரு பக்கம் பாருங்க: வில், வாள், வேல், கவண், சிலம்பம், ஆசான். ஆயுதம் எல்லாம் நம்ம சொல்லு, கோதா எல்லாம் வந்த சொல்லு. நடுவுல 'கரடிக்கூடம்'னு ஒரு பழைய சொல் நிக்குது. சிலம்பம் முதலானது பழகுற இடம். கரடிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை, கன்னடத்துல 'கரடி மனை', தெலுங்குல 'கரிடி'ன்னு சொல்றதோட சொந்தம்.

"வார்த்தை வெளியில இருந்து வந்தா வழக்கமும் வெளியில இருந்துதான் வரணுமா? வக்கீல்ங்கிற அரபுச் சொல் வர்றதுக்கு முன்னாடி நம்ம ஊர்ல வழக்கே இல்லையா?" அப்படின்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. தரையில கை ஊன்றி எழுந்த முதல் தமிழன் மராட்டியனுக்காகக் காத்திருக்கலை. ஆனா ஒரு அசைவு வேற, அதுக்குப் பேரு வெச்சு, எண்ணி, தினம் இவ்வளவுன்னு கணக்கு வெச்சு, வகை பிரிச்சு ஒரு முறையாக்கிறது வேற. நான் பேசுறது ரெண்டாவதைப் பத்தி.

வகைன்னு சொன்னேனில்ல, அதையும் பாத்துடுவோம், ஏன்னா ஒவ்வொரு வகையும் எந்தக் கலையில இருந்து வந்ததுன்னு முதுகுல முத்திரை குத்திக்கிட்டேதான் வருது. இன்னைக்கு ஜிம்ல சொல்ற புஷ்-அப், பலகை மாதிரி உடம்பை நேரா வெச்சு மேல கீழ. நம்ம தண்டால் அப்படி இல்லை. இடுப்பு மேல, தலை கீழ. அங்கிருந்து மார்பு ரெண்டு கைக்கும் நடுவுல தரையை உரசற மாதிரி சறுக்கி முன்னே வந்து, பாம்பு படம் எடுக்கிற மாதிரி நிமிரும். மறுபடி இடுப்பு பின்னாடி போகும். தோள், முதுகெலும்பு, இடுப்பு மூணும் சேர்ந்து அசையுது. ஒருத்தன் மேல படுத்து அமுக்கும்போதும், அவன் அடியில இருந்து நழுவும்போதும் மல்லனுக்குத் தேவையான அசைவு அதுதான்.

அதுலயே ஹனுமான் தண்டால்னு ஒண்ணு. ஒவ்வொரு தடவையும் ஒரு காலை முன்னே கைப்பக்கம் கொண்டு வரணும். எதிராளி காலைப் பிடிக்கப் பாயற மாதிரியே இருக்கும். விருச்சிக தண்டால்ல ஒரு கால் தேள் கொடுக்கு மாதிரி மேல நிக்கும். ராமமூர்த்தி தண்டால்னு ஒரு வகைக்கு ஆந்திராவுல பிறந்த பலசாலி கோடி ராமமூர்த்தி நாயுடு பேரு. மார்பு மேல யானையை நிக்க வெச்சுக் காட்டினவர். ஒரு உடற்பயிற்சிக்கு ஒரு மனுஷன் பேரு வைக்கிறாங்கன்னா அந்தக் காலத்துல அவருக்கு என்ன மவுசு இருந்திருக்கும்!

கராத்தே பக்கம் போனா கதை வேற. அங்கே முஷ்டியை ஊன்றித் தண்டால். ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டோட மொட்டியில மொத்த எடையும் நிக்கணும். மார்பை வளர்க்கிறது அதோட முதல் நோக்கம் இல்லை. குத்தும்போது மணிக்கட்டு மடங்காம நேரா நிக்கப் பழக்குறது. (நாள் முழுக்க கீபோர்டு தட்டற ஆளுங்களுக்கு மணிக்கட்டு மடக்கி எடுக்கிற சாதாத் தண்டாலைவிட இது வலிக்காம இருக்கிறது ஒரு உபரி லாபம். ஆனா தரையில துணி போட்டுக்கோங்க.) ப்ரூஸ் லீ 1964-ல லாங் பீச் கராத்தே போட்டியில ரெண்டே விரல்ல, ஒரே கையில எடுத்துக் காட்டினது உலகத்துக்கே தெரியும். அதைவிட எனக்கு சுவாரசியமாப் படறது, அவர் காமாவோட பயிற்சி முறையைத் தேடிப் படிச்சார்ங்கிறதுதான். நம்ம குஸ்தித் தண்டால் 'பூனை நெட்டி'ங்கிற பேர்ல அவரோட பயிற்சிப் பட்டியல்ல இருந்தது. 1973-ல 'என்டர் தி டிராகன்' வந்த பிறகு நம்ம ஊர்ல தெருவுக்குத் தெரு முளைச்ச கராத்தே வகுப்புகள்ல, அதே அசைவு ஜப்பான் டிக்கெட்டோட திரும்பி வந்து இறங்கிச்சு.

களரிப்பயட்டைப் பாருங்க. அங்கே முதல் பாடம் மெய்ப்பயட்டு. தாழ நிக்கிறது, பாயறது, காலை வீசறது, திரும்பறது எல்லாம் சேர்ந்த அசைவுத் தொடர். அதுல எண்ணிக்கை முக்கியமில்லை, ஒழுங்குதான் முக்கியம். சிலம்பமும் அடவுகள், காலடி வரிசைன்னு அதே குணம். நடுகல் வீரர் நிக்கிற நிலையைப் பாத்தா, எனக்கு அந்தப் பக்கத்துக்குத்தான் சொந்தக்காரரா தெரியறார்.

இனிமேதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். தண்டாலுக்குப் பின்னாடி ஒரு சாப்பாட்டுக் கணக்கு இருக்கு.

காமா பயில்வான் தினமும் 3000 தண்டால், 5000 பஸ்கி எடுத்தார்னு சொல்வாங்க. எண்ணி உறுதி பண்ணினவங்க யாரும் இல்லை, ஆனாலும் அந்தக் கணக்கை வெச்சே பாப்போம். ஆள் எடை 100 கிலோன்னு வையுங்க. தண்டால்ல உடம்போட எடையில ஏறத்தாழ 70 சதவீதம் கையில விழுது, தூக்குற உயரம் சுமார் 35 சென்டிமீட்டர். பஸ்கியில 85 சதவீதம், 45 சென்டிமீட்டர். நம்ம தசையோட திறன் 20 சதவீதம்னு எடுத்துக்கிட்டா, தண்டாலுக்கு 850 கலோரி, பஸ்கிக்கு 2200 கலோரி, மொத்தம் 3000 கலோரி பக்கம் வருது. ஒரு சாதாரண ஆள் நாள் முழுக்கச் சாப்பிடறதைவிட அதிகம். அதுவும் உயிர் வாழத் தேவையான சாப்பாட்டுக்கு மேல, கூடுதலா! இதுக்கு எத்தனை பாதாம், எத்தனை சேர் பால், எவ்வளவு நெய். காமாவுக்கு அதை முதல்ல ததியா ராஜாவும் அப்புறம் பாட்டியாலா ராஜாவும் கொடுத்தாங்க. கோலாப்பூர்ல சாகு மகாராஜா 1912-ல குஸ்திக்குன்னே காஸ்பாக் மைதானம் கட்டினார். 1928-ல பாட்டியாலாவுல போலந்து வீரர் ஸ்பிஸ்கோவை ஒரு நிமிஷத்துக்குள்ள சாய்ச்ச அதே காமா, 1960-ல லாகூர்ல செத்தப்போ ராஜாக்கள் காலம் முடிஞ்சு போயிருந்தது. கடைசிக் காலத்துல மருத்துவச் செலவுக்கே மத்தவங்க உதவி தேவைப்பட்டது.

இப்போ அந்த 3000 கலோரியை ஜவ்வாது மலைக்குக் கொண்டு வாங்க. சாமை அரிசியில 100 கிராமுக்கு 340 கலோரி பக்கம். அதாவது தினம் 900 கிராம் சாமையைக் கூடுதலா ஒரே ஆளுக்குப் போடணும், அவன் தரையில கையை ஊன்றி எழுந்து எழுந்து உக்கார்றதுக்காக. மானாவாரி மலை நிலத்துல எந்த வீடு அதைத் தாங்கும்? எருமை மேய்ச்சு, திருடன் வந்தா வில்லோட ஓடின மனுஷனுக்குப் பயிற்சியும் வேலையும் ஒண்ணுதான். வேலையே உடம்பை வளர்த்துச்சு. தண்டாலோட எண்ணிக்கை வீரத்தோட அளவு இல்லைங்க, உபரி நெய்யோட அளவு. அவர் எடுக்கலைன்னா அது அவருக்குக் குறையும் இல்லை. ஆயிரம் தண்டாலை அவர் தலையில கட்டுறவங்க, பெருமைப்படுத்துறதா நினைச்சு அவரை அரண்மனைச் சாப்பாட்டு ஆளா மாத்திடறாங்க.

அப்படின்னா தமிழ்நாட்டுல உடல்தகுதிச் சோதனையே இருந்ததில்லையான்னா, பலமாவே இருந்தது. இளவட்டக்கல். தென் மாவட்டங்கள்ல கல்யாணக்கல்னும் சொல்வாங்க. வழுவழுன்னு உருண்டைக் கல்லு, பிடிக்கப் பிடிமானமே கிடையாது. குந்தி உக்காந்து, அணைச்சு, தொடைக்கு ஏத்தி, நெஞ்சுக்கு ஏத்தி, தோளுக்குக் கொண்டு போய்ப் பின்னாடி போடணும். பொண்ணு கொடுக்கிறதுக்கு முன்னாடி மாப்பிள்ளை தூக்கிக் காட்டணும்னு வழக்கம். திருநெல்வேலி மாவட்டம் பணகுடி பக்கத்துல வடலிவிளையில பொங்கலுக்குப் போட்டியே நடக்குது. 45 கிலோவுல ஆரம்பிச்சு 129 கிலோ வரைக்கும் கல்லு இருக்கு. பொண்ணுங்களுக்கு உரல் தூக்குறது. இதுல எண்ணிக்கை கிடையாது. தூக்கினா தூக்கினதுதான். மூட்டை சுமக்கிற, கமலை இறைக்கிற, கல் புரட்டுற ஊருக்கு அது பொருத்தமான பரீட்சை.

எண்ணிக்கை நம்ம பசங்க தலையில ஏறினது பள்ளிக்கூடத்துல. ஹாரி குரோ பக் என்கிற அமெரிக்கர் 1920-ல மெட்ராஸ்ல ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவுலயே முதல்னு சொல்வாங்க. அங்கே படிச்சு வெளியே வந்தவங்க பல ஊர்ப் பள்ளிகளுக்கு ட்ரில் மாஸ்டரா போனாங்க. ட்ரில் பீரியட் வந்துது, விசில் வந்துது, ஒன்-டூ-த்ரீ வந்துது. லேட்டா வந்தவனுக்குப் பத்து தண்டால். தண்டால், தண்டனை ரெண்டுக்கும் வேர் ஒரே 'தண்ட'ம்தான்ங்கிறதை எந்த அகராதியும் பாக்காமலேயே நாமெல்லாம் வெயில்ல கத்துக்கிட்டோம்.

இன்னைக்கு ஜவ்வாது மலையில இருந்து ஒரு பையன் போலீஸ் வேலைக்கு இறங்கி வந்தா என்ன கேக்குறாங்க தெரியுமா? தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தோட இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுல ஆண்களுக்கு உயரம் 170 சென்டிமீட்டர், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 167. மார்பு 81, விரிச்சா 5 கூடணும். 1500 மீட்டரை 7 நிமிஷத்துல ஓடணும். அப்புறம் கயிறு ஏறணும். நீளமோ உயரமோ தாண்டணும். 100 மீட்டரோ 400 மீட்டரோ ஓடணும். ராணுவத்துக்குப் போனா 1.6 கிலோமீட்டர் ஓட்டம், கம்பியில தொங்கி 10 தடவை இழுத்து ஏறினா முழு மார்க்கு, ஒன்பதடிப் பள்ளம் தாண்டணும். ரெண்டு பட்டியல்லயும் தண்டால் ஒண்ணுகூடக் கிடையாது! ஓட்டம், ஏறுறது, இழுக்கிறது, தாண்டுறது. பெருங்கௌசிகனார் கூத்தர்களுக்குச் சொன்ன வழியில இருக்கிற வேலைகள்தான் முக்கால்வாசி.

அந்தப் பையனுக்கு உண்மையில இடிக்கிற இடம் ஓட்டமோ கயிறோ இல்லை, டேப்பு. 166 சென்டிமீட்டர் இருக்கிறவன் மலைப்பாதையில எவ்வளவு வேகமா ஏறினாலும் அளவு எடுக்கிற வரிசையிலேயே வெளியே போயிடுவான். தண்டால் எடுத்தும் உயரம் வளராது. எடுத்தனூர்க்காரர் எத்தனை சென்டிமீட்டர்னு அவருக்குக் கல் நட்டவங்க அளந்து எழுதலை. எருமையைக் காத்தார்னு மட்டும் எழுதினாங்க.

இன்னும் ஒண்ணு பாக்கி. கரடிக்கூடம்னு நான் மேல சொன்ன சொல்லை வட ஆற்காடு பக்கம் தெருப் பேராவோ திடல் பேராவோ யாராவது கேட்டிருக்கீங்களா? கேட்டிருந்தா ஊர் பேரோட சொல்லுங்க, போய்ப் பாத்துட்டு எழுதறேன்.